கேட் வரைக்கும்

பல்லடத்துத் தியேட்டரில் மதியக் காட்சி. திரையில் பூங்கொடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய், நெற்றியில் சின்னதாக ஒரு கட்டு, கண்ணில் கலையாத மை. என் பக்கத்து நாற்காலியில் தங்கமணி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

முறுக்கு அவளே சுட்டது. வெளித் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தும், முந்தானைக்குள் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டாள். சத்தம் கேட்காமலிருக்க வாயில் ஊற வைத்து ஊற வைத்துத் தின்றாள். பூங்கொடி கடைசி மூச்சை இழுத்தபோது என் பக்கம் சாய்ந்து, "நல்லாத்தான் சாகறேன்" என்றாள்.

திரையில் செத்தவளும் பக்கத்தில் இருந்தவளும் ஒருத்திதான். நான் எழுதிய நாவலில் தங்கமணிக்கு வைத்த பெயர் பூங்கொடி. எனக்கு வைத்துக்கொண்ட பெயர் நித்யா. அந்த நாவலைத்தான் படமாக எடுத்திருந்தார்கள்.

அவள் சொன்னதற்கு நான் சிரித்திருக்க வேண்டும். ஏசி போட்ட தியேட்டரில் எனக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடமாக இவளிடம் சொல்லாத ஒன்றை, எவனோ ஒரு டைரக்டர் இவ்வளவு பெரிய திரையில் போட்டுக் காட்டிவிட்டானே, விளக்கு எரிந்ததும் இவள் என்ன கேட்பாள் என்று திரையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகமா, படமா?

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் மூன்று வாரமாகக் கேட்கிறார்கள். புத்தகம் நன்றாக இருந்ததா, படம் நன்றாக இருந்ததா? இரண்டையும் ஒப்பிட்டு நீங்களே எழுதுங்கள் அம்மா என்று ஒரு கல்லூரிப் பெண் நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டிருந்தாள். எனக்கு அலுப்பாக இருக்கிறது தாயே. பெற்றவளிடமே வந்து, உன் பிள்ளை அழகா, அவனுக்குப் போட்ட வேஷம் அழகா என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல?

ஆனாலும் சொல்கிறேன். படிக்காதவர்களுக்காக முதலில் கதை. 'மேசைக்கு இந்தப் பக்கம்' என்பது இளையோருக்காக எழுதிய நாவல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. செக்கிங் மேசைக்கு எதிரெதிரே நின்று வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். வயது பதினெட்டு, பத்தொன்பது. ஒரே டிபன் பாக்ஸ், ஒரே குடை, ஒரே சீப்பு. ஒரு நாள் பழுதான சரக்கு பெட்டிக்குள் போய்விடுகிறது. அந்தப் பழி பூங்கொடி மேல் விழுகிறது. அவள் வேலையை விட்டுப் போகிறாள், நித்யா அங்கேயே இருக்கிறாள், நட்பு மட்டும் போகவில்லை. அவ்வளவுதான் கதை.

படத்தில் இந்தக் கதை போதவில்லை. நடுவில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள், கட்டிங் மாஸ்டராம். கத்தரியைப் பிடிக்கத் தெரியாத கட்டிங் மாஸ்டர். அவன் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் மாறி மாறி ஏறிப் போகிறார்கள், ஒரு பாட்டு வருகிறது, கடைசியில் பூங்கொடியைச் சாகடித்துவிடுகிறார்கள். கம்பெனி என்று காட்டிய இடம் கல்யாண மண்டபம் மாதிரி பளபளவென்று இருக்கிறது. நாங்கள் வேலை பார்த்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் புருவத்தில் பஞ்சு படிந்துவிடும். சாயங்காலம் வெளியே வரும்போது பதினெட்டு வயதுப் பெண்ணெல்லாம் அறுபது வயதுக் கிழவி மாதிரி நரைத்துப்போய் வருவோம். கதாநாயகிக்கு ஒரு பொட்டுப் பஞ்சு கிடையாது.

பேச்சைக் கேட்கவே வேண்டாம். கொங்குத் தமிழ் என்றால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டால் போதும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தோழிகள் சண்டை போடும்போதுகூட "போங்க, நீங்க துரோகிங்க" என்று பேசிக்கொள்கிறார்கள். ஒரு காட்சியில் தெருநாயை "அக்கட்டால போங்க" என்று விரட்டுகிறார்கள். முன்வரிசையில் இருந்த வடநாட்டுப் பையன்கள் சிலர் சிரித்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர்களுக்கே எங்கள் தமிழ் பிடிபட்டுவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அது பின்னால் தேவைப்படும். வேலை போன அன்று பூங்கொடி கம்பெனியை விட்டு வெளியேறும் இடம். புத்தகத்தில், 'அவள் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். படத்தில் அதை ஒரு பாட்டு நீளத்துக்கு இழுத்திருந்தார்கள். மெல்ல மெல்ல நடக்கிறாள். ஒரு அடி வைக்கிறாள், நிற்கிறாள், இன்னொரு அடி. வயலின் வேறு அழுகிறது. அவமானப்பட்ட பெண் யாராவது இப்படி ஊர்வலம் போவாளா, ஓடியல்லவா போயிருப்பாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. போன மாதம் ஒரு கூட்டத்தில் மேடையிலேயே சொன்னேன். கைதட்டினார்கள்.

நம்பர் ஸ்டிக்கர்

எங்கள் வேலை எப்படி என்று சொன்னால்தான் மீதி விளங்கும்.

தைத்து வரும் பனியன்கள் கட்டுக்கட்டாக மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் விரித்து, கழுத்து, தோள், கை, அடிப்பட்டி எல்லாம் பார்த்து, பழுது இல்லையென்றால் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். அதில் செக் செய்தவளின் நம்பர் இருக்கும். ஆளுக்கு ஒரு சுருள். என் நம்பர் பதினேழு, தங்கமணி நம்பர் இருபத்திமூன்று. பின்னால் எங்காவது ஓட்டை தெரிந்தால் ஸ்டிக்கரைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு வேலை, நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் வம்பு.

தங்கமணி நொட்டாங்கைக்காரி. சாப்பிடுவது மட்டும் வலது கையில், மற்றதெல்லாம் இடது. அவள் ஒட்டுகிற ஸ்டிக்கர் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். "உன் இருபத்திமூணு குடிச்சுட்டு நிக்குது புள்ள" என்று கேலி செய்வேன். அவளுக்குக் கோபமே வராது. உன் பதினேழு மட்டும் பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிறதா என்பாள்.

சுருள் தீர்ந்துவிட்டால் சூப்பர்வைசரிடம் போய்ப் புதியது வாங்க வேண்டும். அவர் தெற்கத்திக்காரர், எல்லோரையும் தாயி, தாயி என்பார். ஆனால் அவர் எந்த மாடியில் இருப்பார் என்று சொல்ல முடியாது. அவரைத் தேடிப் போய் வருவதற்குள் கட்டு குவிந்துவிடும். அதனால் எதிரே இருப்பவள் சுருளிலிருந்து பத்து, பதினைந்து கிழித்து ஒட்டிக்கொள்வது எங்களுக்குள் வழக்கம். செய்யக்கூடாத காரியம்தான். எல்லோரும் செய்தோம், யாரும் கேட்டுச் செய்ததில்லை. உப்பும் பச்சைமிளகாயும் அடுத்த வீட்டு அடுப்படியில் எடுத்துக்கொள்கிற மாதிரிதான் அது.

ஒரு ஷிப்மென்ட் நெருக்கடி. இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை. மேசைக்கடியில் அட்டைப்பெட்டியை விரித்து முறை வைத்துப் படுத்து எழுந்தோம். மூன்றாம் நாள் காலையில் என் சுருள் தீர்ந்தது. தங்கமணி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவள் சுருளைக் கிழித்தேன். குழந்தைகள் பனியன், ஒரு கட்டு முழுவதும். கண் இரண்டும் மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி எரிந்தது. பார்த்தேனா என்று கேட்டால், விரித்தேன், மடித்தேன், ஒட்டினேன். பார்த்தேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

மதியம், சரக்கு வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து பெட்டியைப் பிரித்தார். கழுத்துப் பட்டியில் ஊசி ஓட்டை. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே பெட்டியில் மூன்று பீஸ். கட்டி வைத்த சரக்கு மொத்தத்தையும் பிரித்துப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாளியே கீழே இறங்கி வந்தார். சூப்பர்வைசர் பனியனை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "இருபத்திமூணு" என்றார்.

அது என் கட்டு. வெளிர் மஞ்சள், நெஞ்சில் வாத்துப் படம். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

தங்கமணி போனாள். பனியனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பு என்று முதலாளி சொன்னார். நான் மேசையில் குனிந்து ஒரு பனியனை விரித்தேன். அது ஏற்கெனவே விரித்து மடித்த பனியன். அதையே மறுபடியும் விரித்தேன், மடித்தேன், விரித்தேன். தலையைத் தூக்கியபோது எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது.

அந்தத் தீபாவளிக்குள் அவளுக்கு வர வேண்டிய லைன் இன்சார்ஜ் வேலை எனக்கு வந்தது. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

பூசணிக்காயும் சோறும்

தங்கமணி கொஞ்ச நாள் பல்லடம் பக்கம் தறிக்குப் போனாள், கோழிப்பண்ணைக்குப் போனாள், கல்யாணம் கட்டினாள். இப்போது வீரபாண்டியில் ஒரு சின்ன யூனிட்டில் நூல் பிசிறு வெட்டுகிறாள். கூட வேலை செய்கிற ஒரிசாப் பெண்களிடம் இந்தியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். என் கல்யாணத்துக்கு வந்தாள், என் மகளின் காதுகுத்துக்கு வாழைத்தார் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று நினைப்பேன். கேட்கவே மாட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்குக் கால் நூற்றாண்டாகக் குறுகுறுத்தது.

நாவல் எழுதியபோது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த அத்தியாயம் வந்ததும் கை நின்றுவிட்டது. சிறு பிள்ளைகள் படிப்பது, நித்யாவை அவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் சுருளை மாற்றிக் கொடுத்துவிட்டார், பழியைப் பெண் பிள்ளை மேல் போட்டுத் தான் தப்பித்துக்கொண்டார் என்று எழுதினேன். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது. புத்தகத்தைத் தங்கமணிக்குச் சமர்ப்பணம் வேறு செய்தேன்.

அவள் எட்டாவது வரைதான் படித்தவள். நான் கொடுத்த புத்தகத்தைக் கேரி பேக்கோடு ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். எப்போது போனாலும் அங்கேயே இருக்கும். படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதில் நிம்மதியும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

டைரக்டர் சின்னப் பையன், மரியாதையானவன். திரைக்கதை எழுதும்போது ஒரு நாள் போன் செய்தான். அந்தத் தப்பு நித்யாவே செய்ததாக வைத்தால் என்ன, அது தெரிந்தே பூங்கொடி பழியை ஏற்றுக்கொண்டால் தியாகமாக இருக்குமே என்றான். அவனுக்கு எதுவும் தெரியாது, இருட்டில் கல்லெறிந்தான், அது நேராக என் மண்டையில் விழுந்தது. நான் பேசாமலிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

படம் வந்தது. எனக்கு டைரக்டர் முன்கூட்டியே போட்டுக் காட்டிவிட்டான், மற்ற எல்லோரும் போய் அழுதுவிட்டு வந்தார்கள். தங்கமணி அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன், வெயில் என்றேன். பார்த்தால் உன்னோடுதான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் என்ன செய்ய?

எதிர்த்த பேக்கரியில்

படம் விட்டு வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அடித்தது. எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். இரண்டு டீ, ஆளுக்கு ஒரு தேங்காய் பன். தங்கமணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். ஊசி ஓட்டை பார்த்துப் பார்த்தே போன கண்.

நான் முந்திக்கொண்டு படத்தைத் திட்ட ஆரம்பித்தேன். பாட்டைத் திட்டினேன், ஸ்கூட்டரைத் திட்டினேன், நாயைக்கூட விடவில்லை. அவள் பன்னைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"படத்துல ஸ்டிக்கரெல்லாம் நேரா ஒட்டியிருக்காங்க, பாத்தியா புள்ள?" என்றாள்.

சினிமாக்காரர்களுக்கு நொட்டாங்கையைப் பற்றி என்ன தெரியும், புத்தகத்தில் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன் என்றேன்.

"எழுதியிருந்தே. படிச்சேன்." பன்னை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள். "அன்னைக்கும் நேராத்தான் இருந்துச்சு."

பேக்கரியில் யாரோ பஃப்ஸ் கேட்டார்கள். ரோட்டில் ஒரு கோழி வண்டி போயிற்று. என் டீயில் ஆடை படிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பனியனைக் கையில் வாங்கிய அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்திமூன்று அவள் நம்பர், நேராக ஒட்டிய கை என் கை.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"படத்துல காட்டறாப்புல தியாகமெல்லாம் ஒண்ணுமில்ல. பேசறதுக்குத் தெம்பு இல்ல புள்ள. ரெண்டு நாளா நின்ன காலு. எங்கியாச்சும் போயிப் படுத்தாப் போதும்னு இருந்துச்சு." டீயைக் குடித்து முடித்தாள். "அதுவுமில்லாம, நீ சொல்லுவீன்னு பாத்தேன்."

எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று ஏன்தான் கேட்டேனோ.

"கேட் வரைக்கும். நான் வெரசாப் போயிட்டேன்னு புஸ்தகத்துல எழுதியிருக்கே. போகலே. மெல்லத்தான் போனேன். படத்துல அது ஒண்ணு மட்டும் சரியா வந்திருக்குது."

எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டே அழுதேன். பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். படம் பார்த்துவிட்டு வந்து அழுகிறார்கள் என்று நினைத்திருப்பார், அன்றைக்கு அவர் கடையில் அப்படி அழுதவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

நான் அவள் போனதைப் பார்க்கவே இல்லை. குனிந்துகொண்டிருந்தேன். பார்க்காத ஒரு நடையை நானாக வேகமாக்கி எழுதி, மெல்ல நடக்க வைத்தவனை மேடையேறித் திட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கோபமில்லையா என்று கேட்டேன். இருந்தது என்றாள். காதுகுத்துக்கு வந்தபோதுகூட இருந்தது, வாழைத்தாரை உன் தலையில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன் என்றாள். இப்போது அதற்கும் தெம்பு இல்லையாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாள். புத்தகத்தில் சூப்பர்வைசர் மேல் போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு என்றாள். அன்றைக்கு அந்த மனுஷன் அவளைப் படிக்கட்டில் நிறுத்தி, வெறும் வயிற்றோடு போகாதே தாயி என்று தன் தூக்குச்சட்டியைத் திறந்து கொடுத்தாராம். புளிச்சோறும் அப்பளமும். அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தின்றிருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் செக்கிங் மேசை தெரியும் என்றாள்.

பஸ் ஸ்டாண்டில்

பதிப்பகத்தில் புதிய அச்சுக்கு அவசரப்படுத்துகிறார்கள். அட்டையில் பட நாயகிகள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் படம் தயாராகிவிட்டதாம். ஒரு அத்தியாயத்தை மாற்றி எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அப்படி எழுதினால் நித்யாவைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போகுமே என்றார்கள். போகட்டும். எனக்கே அவளைப் பிடிக்கவில்லை.

புத்தகமா படமா என்று கேட்டீர்களே, படம்தான். வேறு எதற்காகவும் இல்லை, அந்த நடைக்காக.

டீ குடித்து முடித்துப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அவளுக்கு வீரபாண்டிப் பக்கம் போகிற பஸ், எனக்கு வேறு பஸ். அவள் பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது, கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். வரட்டுமா என்று கேட்டுவிட்டு நடந்தாள். முழங்கால் வலி அவளுக்கு. ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு அடி வைத்து, நின்று, இன்னொரு அடி. இந்த முறை நான் குனியவில்லை. பஸ் படி வரைக்கும் பார்த்தேன்.

கம்பியைப் பிடித்து அவள் காலைத் தூக்கி வைக்கப் போனபோது கத்திவிட்டேன். "தங்கமணி, அது நான் பாத்த பீஸு. இருபத்திமூணு இல்ல, பதினேழு."

பூக்காரி திரும்பினாள், கண்டக்டர் திரும்பினார், ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். தங்கமணி படியில் நின்று என்னைப் பார்த்தாள். அழுவாளோ, திட்டுவாளோ என்று நின்றேன்.

"சரி," என்றாள். "ஊட்டுக்குப் போயிட்டு போன் பண்ணு." உள்ளே ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.